எத்தனை கிலோ என்று மட்டும் சொன்னால் போதாது, எத்தனை நேரம் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மின்சார விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாக இருந்தது. என் அக்கா பேரன் ஒன்பதாவது படிக்கிறான், அவனே உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டு என்னிடம் வந்து கேள்வி கேட்டான். ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. ஹைட்ராலிக் பம்பு, எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னதாக ஒரு மோட்டாரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அந்த "வைத்துவிட்டால்" என்ற ஒரு சொல்லுக்குள்தான் நான் 27 வருஷம் வேலை பார்த்தேன், கோவையில் மோட்டாரும் ஆக்சுவேட்டரும் செய்கிற ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் பார்த்திருப்பார்கள். இறக்கையின் பின் ஓரத்தில் பலகை பலகையாக இருப்பவை மேலே எழும், கீழே இறங்கும். அவற்றைத் தள்ளுகிற கைதான் ஆக்சுவேட்டர். ஹைட்ராலிக் என்றால் சிலிண்டருக்குள் அழுத்தமான எண்ணெய் புகுந்து தள்ளும். மின்சார ஆக்சுவேட்டரில் மோட்டார் சுழலும், கியர் அந்த வேகத்தைக் குறைக்கும், பால் ஸ்க்ரூ என்கிற திருகு சுழற்சியை நேராகத் தள்ளும் விசையாக மாற்றும். ஒரு இரும்புத் தண்டு, அதைச் சுற்றிச் சுருளாக ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு நட், நட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் உருளும் குண்டுகள். நன்றாகச் செய்த பால் ஸ்க்ரூவைச் செங்குத்தாகப் பிடித்தால் நட் தன் கனத்திலேயே சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த வழுக்கல்தான் பிறகு தொந்தரவும் கொடுக்கிறது.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பலகையை 4,000 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டும், அதாவது ஏறக்குறைய 400 கிலோவைத் தூக்கும் பலம். வேகம் நொடிக்கு 50 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்குங்கள், 200 வாட். அவ்வளவுதான். நம் வீட்டு மிக்ஸியே 500 வாட், 750 வாட் என்று வருகிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும், மிக்ஸியில் பாதி கூட இல்லாத மோட்டார் ஒரு இறக்கைப் பலகையை ஆட்டிவிடுமே என்று. கட்டுரை எழுதியவர் இந்த இடத்தில்தான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். இதே இடத்தில் நின்றுவிடுகிற பொறியாளர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பலகை ஒரு கோணத்தில் அப்படியே நிற்கிறது என்று வையுங்கள். நகரவில்லை. வேகம் பூஜ்யம் என்றால் வெளியே கொடுக்கிற பவரும் பூஜ்யம். ஆனால் காற்று தள்ளிக்கொண்டே இருக்கிறது, வழுக்கும் ஸ்க்ரூ பின்பக்கமாகச் சுற்றிவிடத் தயாராக இருக்கிறது, மோட்டார் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடிக்க டார்க், அதாவது சுழற்றும் விசை வேண்டும், டார்க்குக்கு ஆம்பியர் வேண்டும், ஆம்பியர் ஓடினால் செம்புக் கம்பி சுடும். நிறைகுடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று பாருங்கள், ஒரு அடி நடக்காவிட்டாலும் தோள் இற்றுப்போகும். ஹைட்ராலிக்கில் இந்தக் கஷ்டம் அனேகமாக இல்லை. வால்வை மூடினால் எண்ணெய் சிலிண்டருக்குள் பூட்டிக்கொள்ளும், சுமை அதன் மேல் உட்கார்ந்திருக்கும், உண்டாகிற சூட்டையும் அதே எண்ணெய் வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விடும். மின்சார ஆக்சுவேட்டரின் சூடு அங்கேயே பிறந்து அங்கேயே கிடக்கும்.

எவ்வளவு சூடு? ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும், கியர் 5-க்கு 1 என்று வைத்தால், மேலே சொன்ன சுமைக்கு மோட்டார் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓட வேண்டும், டார்க் சுமார் 0.7 நியூட்டன் மீட்டர். இந்த அளவுக்கு ஒரு கிலோ எடையுள்ள மோட்டார் ஒன்றை எடுத்தால், அந்த டார்க்கில் அதன் வைண்டிங்கில், அதாவது செம்புக் கம்பிச் சுற்றில், 40 வாட் வரை சூடாக வீணாகும். 40 வாட் கேட்க ஒன்றுமில்லை. பழைய குண்டு பல்பு ஒன்று. ஆனால் அந்தக் குண்டு பல்பை ஒரு இரும்பு டப்பாவுக்குள் போட்டு, மூடி, இறக்கைக்குள்ளே காற்றோட்டமில்லாத மூலையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரிதான், ஆனால் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, சூட்டை எடுத்துப்போக ஆளில்லை. அதே விமானம் மே மாதம் மீனம்பாக்கத்தில் வெயிலில் நின்றால் பெட்டிக்குள் சூடு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆளில்லா விமானத்தின் வால் பலகைக்கு ஆக்சுவேட்டர் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. ஆர்டரில் மூன்றே எண்கள்: அதிகபட்ச விசை, ஸ்ட்ரோக் (எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பது), வேகம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கணக்குப் போட்டு மோட்டாரைத் தேர்ந்தெடுத்தான். கணக்கில் தப்பே இல்லை, நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பெஞ்சில் ஏற்றி மேலும் கீழும் ஆட்டினோம், அம்பு மாதிரி போய் வந்தது, வாங்க வந்தவர்களும் திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் பேச்சுவாக்கில் தெரிந்தது, அந்த விமானத்தின் மூக்கில் கேமரா ஏற்றியதால் முன்பக்கம் கனத்துவிட்டது, மெதுவாக வட்டமடிக்கும்போது வால் பலகையை 40 நிமிஷம் ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. நெம்புகோலில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு அப்படியே பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம். ஐந்து நிமிஷத்தில் மோட்டாரின் வெளிக்கூட்டின் மேல் கட்டைவிரலை வைக்க முடிந்தது. பத்து நிமிஷத்தில் வைத்ததும் எடுக்க வேண்டியிருந்தது. 22-வது நிமிஷம் வாசனை வந்தது, பாகு தீய்ந்தால் வருமே இனிப்பும் கசப்புமாக, அந்த மாதிரி. பிரித்துப் பார்த்தால் தேன் நிறத்தில் இருக்க வேண்டிய வைண்டிங் ஒரு பக்கம் முழுக்க டிகாக்ஷன் நிறமாக இருந்தது, கம்பி மேல் பூச்சு நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

அந்தப் பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அவன் மேல் என்ன தப்பு? அவன் கையில் கொடுத்த காகிதத்தில் நேரம் என்ற ஒன்றே இல்லை. எத்தனை கிலோ என்று இருந்தது, எத்தனை நேரம் என்று இல்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே இந்த ஒன்றுக்காகத்தான்.

ஆக்சுவேட்டரின் எடை, அளவு, ஆயுள் எல்லாம் கம்ப்யூட்டரில் மாடல் வரைவதற்கு ரொம்ப முன்னாலேயே, முதல் வாரத்துத் தாள் கணக்கிலேயே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தக் கணக்குக்குத் தேவைப்படுவது உச்ச விசை மட்டும் அல்ல, ஏறி இறங்கிப் போய் வரும்வரை நொடிக்கு நொடி சுமை எப்படி மாறுகிறது என்கிற முழு வரலாறு. ஒரு சின்ன உதாரணம். 20 நொடியில் 2 நொடி மட்டும் 1.4 நியூட்டன் மீட்டர், மீதி 18 நொடி 0.3 என்று ஒரு சுமை திரும்பத் திரும்ப வருகிறது. உச்சத்தை மட்டும் பார்த்து, அது எப்போதும் இருக்கும் என்று நினைத்து 1.4-க்கு மோட்டார் எடுத்தால் தேவையில்லாமல் ரொம்பக் கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறப்பீர்கள். சாதாரணச் சராசரி போட்டால் 0.41 வரும், அதை நம்பினால் மோட்டார் கருகும். ஏனென்றால் சூடு டார்க்கோடு அல்ல, டார்க்கின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து, சராசரி எடுத்து, வர்க்கமூலம் போட்டால் 0.53 கிடைக்கும். 0.41-க்கும் 0.53-க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். அதே ஒரு கிலோ மோட்டாரில் சூட்டுக் கணக்கில் பார்த்தால் ஒன்று 14 வாட், இன்னொன்று 23 வாட்.

ஸ்க்ரூவுக்கு இது இன்னும் கடுமை. பால் ஸ்க்ரூவின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்கோடு போகிறது. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. அதனால் அதற்கு வேண்டியது மூன்றாம் அடுக்குச் சராசரி. அதோடு முடியவில்லை. ஆட்டோபைலட் பலகையைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும், குண்டுகள் முழுச் சுற்று உருளாமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடுங்கும், அந்த இடத்தில் கிரீஸ் ஒதுங்கிப்போய்ப் பள்ளம் விழும். சூத்திரத்தில் இதற்கு இடமில்லை, சுமை வரலாற்றைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், கல்லூரியில் இதை அழுத்திச் சொல்லிக் கொடுப்பதே இல்லை. மோட்டார் சூடாகிறதா, கியரை அதிகப்படுத்து, டார்க் குறையும் என்பார்கள். சரிதான், குறையும். ஆனால் மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டரின் கனம் ஸ்க்ரூ வழியாக வெளியே வரும்போது எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். அரைக் கிலோ எடை, 4 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு ரோட்டர், உள்ளங்கையில் அடங்கும். அதை 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவோடு நேராக இணைத்தால், தள்ளுகிற முனையில் அது 158 கிலோ இரும்புக்குச் சமம். நடுவில் 5-க்கு 1 கியர் போட்டால் 25 மடங்கு, ஏறக்குறைய 4 டன். ஸ்க்ரூவின் முனையில் ஒரு லாரியைக் கட்டி வைத்த மாதிரி. நொடிக்கு 50 மில்லிமீட்டரில் வந்து கொண்டிருக்கும்போது சென்சார் கோளாறாகி, ஓட்டத்தின் எல்லையில் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரில் போய் முட்டினால் என்ன ஆகும்? ரோட்டரில் இருப்பது வெறும் 5 ஜூல் ஆற்றல்தான். ஸ்டாப்பர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கி அதை நிறுத்தினால் சராசரி விசை 49,000 நியூட்டன், வேலைச் சுமையைப் போல 12 மடங்கு. அப்போது ஸ்க்ரூவின் அளவைத் தீர்மானிப்பது காற்று அல்ல, சொந்த மோட்டார். அதற்காக ஸ்க்ரூவைப் பெரிதாக்கினால் எடை கூடும், கியரைக் குறைத்தால் சூடு கூடும், ஸ்டாப்பரில் ஸ்ப்ரிங் மாதிரி அமுங்கும் வில் தட்டு வைத்தால் நீளம் கூடும். இந்த இழுபறியைத்தான் முதல் வாரத்தில் தாளில் முடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு டெஸ்ட் பெஞ்சில் கண்டுபிடித்தால் ஒரு வருஷம் போச்சு.

இதற்குப் பெரிய சாப்ட்வேர் கூட வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு, அதே வடிவத்தில் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று விகிதம் போட்டாலே போதும். டார்க் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் எடை சுமார் 1.8 மடங்கு ஆகும், சுழல் கனமோ (ரோட்டரைச் சுழற்றவும் நிறுத்தவும் ஆகும் சிரமம்) 2.7 மடங்கு ஆகும். பிரான்ஸில் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மோட்டார், ஸ்க்ரூ, பேரிங் எல்லாவற்றுக்கும் இப்படி விகிதச் சூத்திரங்களை ஒழுங்காகத் தொகுத்திருக்கிறார்கள். கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன் இதைச் செய்தால் பாதிப் பாதைகள் தப்பென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

நேரம் எப்படி எல்லாவற்றையும் மாற்றுகிறது என்பதற்கு ராக்கெட்டைப் பாருங்கள். ஐரோப்பாவின் வேகா ராக்கெட் 2012-ல் முதன்முதலாகப் பறந்தது, அதன் நான்கு நிலைகளிலும் நாசிலை, அதாவது நெருப்பு வெளியேறும் வாயைத் திருப்பியது மின்சார ஆக்சுவேட்டர்கள்தான். முதல் நிலை எரிவது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. அந்த இரண்டு நிமிஷச் சூட்டை மோட்டாரின் இரும்பும் செம்புமே வாங்கி வைத்துக்கொள்ளும், வெளியேற்ற வேண்டிய அவசியமே இல்லை, அப்புறம் நிலையே கழன்று விழுந்துவிடும். (2020 நவம்பரில் வேகா தோற்றது ஆக்சுவேட்டரின் அளவால் அல்ல, நான்காம் நிலையில் இரண்டு ஆக்சுவேட்டர்களின் கேபிள்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. கனெக்டர் மாறிப் பொருந்தவே முடியாதபடி வைப்பதும் முதல் வரைவின் வேலைதான் என்பது என் கருத்து.) அதே விசை, அதே வேகம் உள்ள ஆக்சுவேட்டரை 20 வருஷம் பறக்க வேண்டிய விமானத்தில் வைத்தால் அது வேறு பிறவி.

முடியாது என்று நான் சொல்லவில்லை. 1990-களின் கடைசியில் நாசா ஒரு எஃப்-18 விமானத்தின் இடது ஏலரானில் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) ஹைட்ராலிக்கை எடுத்துவிட்டு மின்சார ஆக்சுவேட்டரை மாட்டிப் பறந்து பார்த்தது, வலது இறக்கையில் பழைய ஹைட்ராலிக்கையே விட்டு வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள், செயல்பாடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. போயிங் 787-ல் பிரேக்குகள் மின்சாரம், இறக்கையின் மேல்பக்கம் எழும் ஸ்பாய்லர் பலகைகளில் சில மின்சாரம், பின்னால் இருக்கும் கிடைமட்ட வாலைத் திருப்புவதும் மின்சாரம். ஆனால் ஏர்பஸ் ஏ380-ல் ஏலரான்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக்கோடு சேர்த்து என்ன வைத்தார்கள்? மோட்டார், ஒரு குட்டிப் பம்பு, கொஞ்சம் எண்ணெய், சிலிண்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். இந்தப் பெட்டிக்கு விமானம் முழுக்க ஓடும் குழாய் தேவையில்லை, ஆனால் எண்ணெய் இருக்கிறது. இவ்வளவு சுற்றி வளைக்க முக்கியமான காரணம், ஸ்க்ரூ இறுகிவிட்டால் பலகை அப்படியே நின்றுவிடும். ஒரு குண்டு உடைந்து பள்ளத்தில் மாட்டினால் போதும். சிலிண்டர் கெட்டால் இருபக்க எண்ணெயையும் திறந்துவிட்டுப் பக்கத்து ஆக்சுவேட்டரை வேலை செய்ய விடலாம், இறுகிய ஸ்க்ரூ பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விமானத்தையே வீழ்த்தக்கூடிய கோளாறு 100 கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகத்தான் வரலாம் என்பது விதி. இதை மனதில் வைத்துக்கொண்டு "மோட்டாரை வைத்துவிட்டால் போதும்" என்ற வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

திருகு என்ன செய்யும் என்பதற்கு 2000 ஜனவரி 31 ஒன்று போதும். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, எம்டி-83 விமானம், மெக்சிகோவிலிருந்து கிளம்பி கலிபோர்னியா கரைக்கு அருகில் கடலில் விழுந்தது. 88 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் வாலைத் திருப்பியது மின்மோட்டாரால் சுற்றும் ஒரு திருகுதான், குண்டுகள் இல்லாத பழைய வகை, எஃகுத் தண்டு, வெண்கல நட். கிரீஸ் போதாமல் நட்டின் மரை தேய்ந்து, கடைசியில் மரை முழுக்க உரிந்து வந்துவிட்டது. கடலடியிலிருந்து எடுத்தபோது நட்டின் மரைத் துணுக்குகள் சுருள் சுருளாகத் தண்டைச் சுற்றிக் கிடந்தன, வேலை செய்யும் பகுதியில் கிரீஸ் இல்லை. விசாரணை அறிக்கை கிரீஸ் போடும் இடைவெளியை நீட்டியதைச் சொன்னது, அதோடு இன்னொன்றும் சொன்னது: மரை முழுவதும் போனால் வாலைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் அந்த அமைப்பில் இல்லை. அந்த இரண்டாவது வாசகத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது மெக்கானிக்கின் கையில் நடந்தது இல்லை, பல வருஷம் முன்னால் யாரோ ஒருவர் மேஜையில், முதல் வரைவில், கேட்காமல் விட்ட கேள்வி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் போட்டிருக்கிறார்கள், குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மோட்டார் சுற்றத் தெரிந்த கைகள் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, மரை வெட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. எனக்குக் கவலை கைத்திறனைப் பற்றி இல்லை. சிறு பட்டறைகளுக்கு வருகிற டெண்டர் காகிதங்களை இன்றைக்கும் நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதே மூன்று எண்கள். விசை, ஸ்ட்ரோக், வேகம். சுமை வரலாறு எங்கே என்று கேட்டால் ரகசியம் என்கிறார்கள், அல்லது எங்களிடமே இல்லை என்கிறார்கள். ரகசியம் என்றால் விமானத்தின் பெயரையும் பாதையையும் மறைத்துக்கொள்ளுங்கள், நேரமும் விசையும் உள்ள ஒரு கோட்டுப் படத்தை மட்டும் கொடுங்கள். இல்லவே இல்லை என்றால் உத்தேசமாகவாவது எழுதித் தாருங்கள், எது உத்தேசம் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். எத்தனை நிமிஷம் பிடித்து நிற்கும், கூடு எதன் மேல் போல்ட் போடப்படும், அந்த இடத்தில் சூடு எத்தனை டிகிரி, இறுகிவிட்டால் விமானம் என்ன செய்யும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதாத டெண்டரை வெளியிடவே கூடாது என்று வழித்தடத்தை நடத்துகிறவர்கள் ஒரு விதி போட்டால் பணச் செலவே இல்லாத விதி அது.

கல்லூரிகளுக்கும் ஒன்று. இறுதி ஆண்டு புராஜெக்ட் என்றால் மாணவர்கள் கேட்லாக்கிலிருந்து மோட்டாரை எடுத்து, அழகாக மாடல் வரைந்து, நிறம் கொடுத்துக் கொண்டுவருகிறார்கள். வெளித்தேர்வாளராகப் போகும்போது நான் ஒரே கேள்விதான் கேட்பேன், இது அசையாமல் நிற்கும்போது எத்தனை வாட் சூடாகும்? பதில் வருவது அபூர்வம். ஒரு மோட்டார், ஒரு திருகு, நெம்புகோல், எடைக்கல், ஒரு வெப்பமானி இருந்தால் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மதியம் போதும்.

உங்கள் கட்டுரையாளரிடம் எனக்குக் கோபமில்லை, இன்னும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர் கோவைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும். அந்தக் கருகிய வைண்டிங் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒரு பக்கம் தேன் நிறம், மறுபக்கம் டிகாக்ஷன் நிறம், நடுவில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிற இடம் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிசைன் பொறியாளர் ஒருவர்,
கோவை